போர் அடிக்கட்டும், விடுங்கள்!

போர் விளையாட்டில் போர் அடிக்கிறது என்கிறார்கள்.

சிலேடைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதுதான் புகார். கம்ப்யூட்டரில் ராஜ்ஜியம் கட்டி ஆளும் விளையாட்டுகள் இருக்கின்றன அல்லவா? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ஸ்டார்கிராஃப்ட், வார்கிராஃப்ட் வகையறா. ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி என்று பெயர். செஸ் மாதிரி நீ ஒரு காய், நான் ஒரு காய் என்று முறை வைத்து ஆடுவது கிடையாது. கடிகாரம் ஓட ஓட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடவேண்டும். யோசிக்கிற நேரத்தில் எதிராளி இரண்டு வீடு கட்டிவிடுவான்.

இந்த விளையாட்டுகளில் ஆரம்ப ஐந்து, பத்து நிமிடம் சண்டையே இருக்காது. ஆடு வெட்டுவது, மரம் வெட்டுவது, பழம் பறிப்பது, சுரங்கத்தில் இறங்கித் தோண்டுவது. "இதற்கா சார் காசு கொடுத்து வாங்கினோம்? ஆரம்பத்திலேயே கொஞ்சம் ஆள், கொஞ்சம் பணம் கூடக் கொடுத்துவிட்டால் என்ன? சட்டுபுட்டென்று யுத்தத்துக்குப் போகலாமே?" என்று ஒரு பெரிய கூட்டம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. விளையாட்டு தயாரிக்கும் கம்பெனிகளும் தலையாட்ட ஆரம்பித்துப் பல வருடமாகிவிட்டது.

இந்தக் கட்சிக்கு நான் எதிர்க்கட்சி. ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் இந்த விளையாட்டுகளை ஒரு நாள்கூடத் தொட்டதில்லை என்றாலும் பரவாயில்லை. பற்று வரவு புரிந்தால் போதும். நான் படித்ததே பி.காம்.தான்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஸெம்பிள் ஸ்டூடியோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கி, 1999ல் வெளிவந்தது. ஆட்டம் தொடங்கும்போது உங்கள் கையில் 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். டவுன் சென்டர் என்று ஒரு கட்டடம். வேலை செய்ய மூன்று வில்லேஜர்கள். வேவு பார்க்கக் குதிரைமேல் ஒருவர். அவ்வளவுதான் மூலதனம்.

புதிதாக ஒரு வில்லேஜர் வேண்டுமென்றால் 50 உணவு கொடுக்கவேண்டும். 25 விநாடி காத்திருக்கவேண்டும். கையில் இருக்கும் 200 உணவு நான்கு ஆளுக்குச் சரியாகப் போயிற்று. அதற்குள் சாப்பாட்டுக்கு வழி செய்யாவிட்டால் ஐந்தாவது ஆள் கிடையாது. எங்கே வழி? பக்கத்தில் அங்கங்கே 8 ஆடுகள் மேய்கின்றன. ஒவ்வொன்றிலும் 100 உணவு. 6 பழப்புதர்கள், தலா 125. 2 காட்டுப்பன்றிகள், தலா 340. கூட்டிப் பாருங்கள், 2230 வரும். தூரத்தில் கொஞ்சம் மான். இவ்வளவுதான் இயற்கை உங்களுக்குப் போடும் இலவசச் சாப்பாடு. இதிலிருந்துதான் இருபது ஆள் சேர்க்க 1000 போகவேண்டும். அடுத்த யுகத்துக்கு முன்னேற 500 கட்டவேண்டும். மிச்சம் தீருவதற்குள் வயல் போட்டாகவேண்டும். வயல் இலவசமில்லை, ஒவ்வொன்றுக்கும் 60 மரம். அதாவது, நாளைய சாப்பாட்டுக்கு இன்றைக்கே நான்கைந்து பேரை மரம் வெட்ட அனுப்பியிருக்கவேண்டும். அப்படி அனுப்பினால் இன்றைய சாப்பாடு குறையும். அனுப்பாவிட்டால் நாளைக்குப் பட்டினி.

இதைப் போய் போர் அடிக்கிறது என்கிறார்கள்!

ஒரு கணக்கு போடுவோம். ஆட்டை வெட்டிச் சேர்க்கும் வில்லேஜர் விநாடிக்கு ஏறத்தாழ 0.33 உணவு கொண்டுவருவார். அவரை உருவாக்கச் செலவானது 50. போட்ட முதல் திரும்ப 150 விநாடி, அதாவது இரண்டரை நிமிடம். நடந்து போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் கூட. அதற்கப்புறம் அவர் சம்பாதிப்பதெல்லாம் லாபம். ஆக, இரண்டரை நிமிடத்துக்குள் எதிராளி வந்து அவரைக் கொன்றுவிட்டால் உங்களுக்கு நஷ்டம். வராவிட்டால் நீங்கள் பணக்காரர். ஆரம்பகட்ட விளையாட்டு என்பது மொத்தமும் இந்த ஒரு கேள்விதான்: வருவானா, மாட்டானா?

இன்னொரு விஷயம். இந்த ஆட்டத்தில் லூம் என்று ஒன்று உண்டு. தறி. 50 தங்கம் கொடுத்து இதை வாங்கினால் வில்லேஜர்கள் கொஞ்சம் அடி தாங்குவார்கள். காட்டுப்பன்றி முட்டினாலும் சட்டென்று சாகமாட்டார்கள். 50 தங்கம் பெரிய காசில்லை. ஆனால், அதைத் தயாரிக்கும் 25 விநாடியும் டவுன் சென்டர் புது ஆள் எதையும் உருவாக்காது. ஆக உண்மையான விலை, ஒரு வில்லேஜர். இன்ஷூரன்ஸ் பிரீமியமேதான். முதலிலேயே கட்டுகிறீர்களா, அடுத்த யுகத்துக்குப் போகும்போது கட்டுகிறீர்களா, கட்டாமலே ரிஸ்க் எடுக்கிறீர்களா? இருபது வருடமாக நல்ல ஆட்டக்காரர்கள் இதை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 50 தங்கத்துக்கு!

அப்புறம் ஒரு கடிவாளம். ஒரே ஒரு டவுன் சென்டர் இருக்கும்வரை 25 விநாடிக்கு ஓர் ஆள்தான். நீங்கள் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும் அதற்கு மேல் முடியாது. இரண்டாவது டவுன் சென்டர் கட்டவேண்டுமென்றால் மூன்றாவது யுகமான காசில் ஏஜ் வரவேண்டும். ஏன் இந்தக் கட்டுப்பாடு? கூட்டு வட்டிதான் காரணம். ஆளைக் கொண்டு உணவு, உணவைக் கொண்டு ஆள் என்று குட்டி போட்டுக்கொண்டே போனால், முதல் நிமிடத்தில் ஓர் ஆள் முன்னிலை பெற்றவன் இருபதாவது நிமிடத்தில் எட்டவே முடியாத உயரத்தில் இருப்பான். ஆட்டம் முடிந்துவிட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியும், ஆனாலும் இன்னும் அரைமணி நேரம் ஆடவேண்டும். அதைவிடக் கொடுமை உண்டா? அதனால்தான் ஆரம்பத்தில் தனிவட்டி, பிறகுதான் கூட்டு வட்டி என்று வைத்தார்கள். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

வார்கிராஃப்ட் 3ல் வேறு மாதிரி யோசித்தார்கள். அங்கே ஒரு தங்கச் சுரங்கத்துக்கு 5 பேருக்கு மேல் அனுப்பிப் பெரிய பயனில்லை. மனிதர் இனத்தை எடுத்து ஆடினால் தொடக்கத்திலேயே உங்களிடம் 5 பேர் இருப்பார்கள். கடை முதல் நாளே ஃபுல். ஒரு நடைக்கு ஒருவர் 10 தங்கம் கொண்டுவருவார். 2003ல் வந்த ஃப்ரோசன் த்ரோன் பதிப்பில், உங்கள் ஆள்பலம் 50ஐத் தாண்டினால் அதே நடைக்கு 7தான் கணக்கில் சேரும். 80ஐத் தாண்டினால் 4. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? வருமான வரி ஸ்லாப்! பெரும்படை வைத்திருக்கிறாயா, வரி கட்டு. சின்னப் படையை வைத்துச் சாமர்த்தியமாகச் சண்டை போடுகிறவன் பிழைத்துப் போகட்டும் என்று பரிவு. பணக்காரனை ஓடவிடாமல் பிடித்துவைக்க இப்படியும் ஒரு வழி.

சரி, புகாருக்கு வருவோம். எனக்கு முக்கியமான எதிராளி ஸ்டார்கிராஃப்ட்டில் இருக்கிறார்.

முதல் ஸ்டார்கிராஃப்ட் 1998ல் வந்தது. பிளிஸார்டு நிறுவனம். தென்கொரியாவில் அது வெறும் விளையாட்டாக இல்லை. டிவி சேனலில் நேரடி ஒளிபரப்பு, சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள், ஸ்பான்ஸர்கள் என்று ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அதில் ஆட்டம் தொடங்கும்போது 4 தொழிலாளிகள். கையில் 50 மினரல். ஒரு புதுத் தொழிலாளியின் விலையும் 50. ஸ்டார்கிராஃப்ட் 2, 2010ல் வந்தது. அதில் 6 தொழிலாளிகள். 2015ல் அதற்கு லெகஸி ஆஃப் த வாய்ட் என்ற தொடர்ச்சி வந்தபோது 12 ஆக்கினார்கள்.

நாலு, ஆறு, பன்னிரண்டு. இந்த மூன்று எண்ணில் மொத்த வழக்கும் அடங்கிவிடுகிறது.

12 ஆக்கியதற்கு ஒரு நியாயம் சொன்னார்கள். ஆரம்பத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் குறையும், எல்லாரும் ஒரே மாதிரி செய்கிற வேலைகளைத் தாண்டிச் சீக்கிரமாக சுவாரசியமான இடத்துக்குப் போய்விடலாம். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கும் வசதி. ஆட்டமும் சுறுசுறுப்பானது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால், என்ன காணாமல் போனது என்று பாருங்கள்.

இந்த விளையாட்டில் ஒரு முகாமின் மினரல் வயலில் 16 பேர் வேலை செய்தால் அது நிறைவான அளவு. 6 பேரோடு தொடங்கினால் கடையில் பாதிக்கு மேல் காலி. நிரப்புவதா, அல்லது நிரப்பாமல் அந்தக் காசைச் சண்டைக்குத் திருப்புவதா என்று ஒவ்வொரு விநாடியும் நீங்கள் முடிவெடுக்கவேண்டும். 12 பேரோடு தொடங்கினால்? முக்கால் கடை ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. யாரோ உங்களுக்காக முடிவெடுத்துவிட்டார்கள்.

முன்பு ஸெர்க் இனத்தை வைத்து ஆடுகிறவர்களிடம் ஓர் அசட்டுத் துணிச்சல் இருந்தது. 6 தொழிலாளி இருக்கும்போதே, ஏழாவது ஆளைச் சேர்க்காமல், 200 மினரல் சேர்த்துப் படை உருவாக்கும் குளத்தைக் கட்டிவிடுவார்கள். பொறிந்து வரும் குட்டிப் பூச்சிகளை அப்படியே எதிராளியின் வீட்டுக்கு ஓடவிடுவார்கள். ஜெயித்தால் நாலு நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. தோற்றால் அதோகதி. வீட்டில் அடுத்த வேளைக்கு அரிசி கிடையாது. நம் ஊரில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. விதைநெல்லைக் குத்தித் தின்பது.

விதைநெல்லைத் தின்கிறவன் முட்டாள் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விவசாயத்தில் சரி. ஆனால் பக்கத்து வயல்காரன் விதைநெல்லோடு சேர்த்துக் கடனும் வாங்கி இரண்டு போகம் பயிரிட்டுக்கொண்டு வேலியே போடாமல் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது? ஒரு போகத்தைத் தியாகம் செய்துவிட்டு அவன் வயலில் மாட்டை ஓட்டிவிடலாமா என்று ஒரு நப்பாசை வருமா வராதா? அறநெறிப்படி தப்பு. விளையாட்டில் அதுதான் நீதி. பேராசைக்காரனைச் சாதுவானவன் ஜெயிக்கமுடியாது. ஏனென்றால், பேராசைக்காரன் சீக்கிரம் பணக்காரனாகிவிடுவான். அவனை ஜெயிக்கப் போக்கிரியால்தான் முடியும். போக்கிரியைச் சாதுவானவன் ஜெயிப்பான், அவன் வீட்டில் வேலி இருப்பதால். இந்த முக்கோணம் நிற்கும்வரைதான் ஆட்டம் ஆட்டம். ஒரு காலை வெட்டினால் மற்ற இரண்டும் சேர்ந்து விழும்.

12 பேர் வந்ததும் எந்தக் கால் வெட்டப்பட்டது தெரியுமா? போக்கிரியின் கால். யோசியுங்கள். எதிராளியின் முகாமுக்கு நடந்துபோகும் தூரம் மாறவில்லை. பூச்சிகளின் வேகமும் மாறவில்லை. ஆனால், தற்காத்துக்கொள்கிறவனின் தொடக்க வருமானம் மட்டும் ஒரே நாளில் இரண்டு மடங்காகிவிட்டது. நீங்கள் போய்ச் சேரும்போது அவன் கையில் முன்பைவிடக் காசு அதிகம், ஆளும் அதிகம். கூடவே, விதைநெல்லைத் தின்பதன் தீவிரமும் போயிற்று. முன்பு 6 பேரோடு நிறுத்தினால் எதிராளியின் 12க்குப் பாதி. இப்போது 12 பேரோடு நிறுத்தினால் எதிராளியின் 16க்கு முக்கால். தியாகமும் குறைச்சல், ஆபத்தும் குறைச்சல், பலனும் குறைச்சல். அவசரத் தாக்குதல் அடியோடு செத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 12 பேர் இருக்கும்போதே குளம் கட்டித் தாக்குகிறவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். பல் பிடுங்கிய பாம்பு. படம் எடுக்கும், அவ்வளவுதான்.

இது போதாதென்று, அதே 2015ல் ஒவ்வொரு முகாமிலும் பாதி மினரல் வயல்களின் கையிருப்பையும் குறைத்தார்கள். முன்பக்கம் தூக்கிக் கொடு, பின்பக்கம் பிடுங்கு. சீக்கிரம் அடுத்த முகாமுக்குப் போ, அதற்கடுத்த முகாமுக்குப் போ என்று விரட்டு. ஒரே முகாமில் உட்கார்ந்து கமுக்கமாக ஏதாவது சதி செய்கிற ஆசாமிகளுக்கு இடமில்லை. எல்லாரும் தொழிலதிபர்கள் ஆகியே தீரவேண்டும் என்றால் எப்படி?

'அவசரத் தாக்குதலெல்லாம் ஓர் ஆட்டமா, கோழைத்தனம்' என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 2004 நவம்பரில் தென்கொரியாவில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

எவர் ஸ்டார்லீக் போட்டி. அரையிறுதி. ஒரு பக்கம் இம் யோ ஹ்வான். பாக்ஸர் என்பது ஆட்டப்பெயர், கொரியாவில் சினிமா நட்சத்திரம் மாதிரி. மறுபக்கம் ஹாங் ஜின் ஹோ, ஆட்டப்பெயர் யெல்லோ. இரண்டு பேரும் பல வருடப் பரம வைரிகள். நாடே எதிர்பார்த்த மோதல். ஐந்து ஆட்டங்களில் மூன்றை ஜெயிப்பவர் இறுதிக்குப் போகலாம். ரசிகர்கள் ராத்திரிச் சாப்பாட்டை ஆர்டர் செய்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

இம் என்ன செய்தார்? முதல் ஆட்டத்தில், சுரங்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த தன் தொழிலாளிகளைக் கூட்டிக்கொண்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சிப்பாய்களோடு நேரே ஹாங்கின் வாசலுக்குப் போனார். அங்கேயே ஒரு பதுங்குகுழியைக் கட்டினார். உள்ளே சிப்பாய்களை உட்காரவைத்துச் சுட ஆரம்பித்தார். ஆட்டம் முடிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் ஏதாவது மாற்றுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதையேதான் செய்தார். மூன்றாவதில் நிச்சயம் மாற்றுவார் என்று நினைத்தார்கள். அதையேதான் செய்தார். மூன்றுக்குப் பூஜ்யம். ஆர்டர் செய்த சிக்கன் வீடு வந்து சேர்வதற்குள் அரையிறுதியே முடிந்துவிட்டது என்று கொரியாவில் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள்.

ரசிகர்கள் கொதித்தார்கள். ஏமாற்று வேலை என்றார்கள். எனக்கென்னவோ, அந்த விளையாட்டின் வரலாற்றில் அத்தனை தைரியமான மூன்று ஆட்டங்கள் கொஞ்சம்தான் என்று தோன்றும். ஏனென்றால், அவர் அழைத்துப்போன ஒவ்வொரு தொழிலாளியும் வருமானம். சுரங்கத்தில் தோண்டவேண்டிய ஆளை எதிரி வாசலுக்கு நடத்திப் போகிறார். அவர் நடக்கும் ஒவ்வொரு விநாடியும் வீட்டில் கல்லாவில் காசு விழவில்லை. ஹாங் முதல் அலையைத் தாங்கியிருந்தால் இம் பிச்சைக்காரர். இது தெரிந்தும் ஒருமுறை செய்யலாம். நாடே பார்க்கும்போது மூன்று முறை செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

இறுதிப்போட்டியில் யார் வந்தது தெரியுமா? சோய் யான் சங். இம்மின் அணியைச் சேர்ந்தவர், அவருக்குச் சீடர் மாதிரி. இவருடைய புகழே வேறு. அசுரத்தனமாகச் சம்பாதிப்பது. முகாம்மேல் முகாம், தொழிலாளிமேல் தொழிலாளி. எதிராளி மூச்சு விடுவதற்குள் அலை அலையாகப் படை. போக்கிரி குருவும் சேட்டுச் சீடரும் மோதினார்கள். ஐந்தாவது ஆட்டம்வரை போய், மூன்றுக்கு இரண்டு என்று சீடர் ஜெயித்தார். இரண்டு வாரத்துக்குள் ஒரே போட்டியில் போக்கிரித்தனமும் ஜெயித்தது, சேமிப்பும் ஜெயித்தது. தொடக்க ஆள்கள் வெறும் 4 பேர்.

எந்த விளையாட்டு வடிவமைப்பாளருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டும்?

எனக்கு இன்னொரு எதிராளியும் உண்டு. இவர் நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்தவர். "முதல் இருபது நிமிஷம் யாரும் யாரையும் அடிக்கக்கூடாது, ஓகேவா?" என்று ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். உலகமெங்கும் இந்த ஜாதி உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3ல் ட்ரீட்டி என்ற பெயரில் இதை அதிகாரபூர்வ ஆட்ட முறையாகவே வைத்துவிட்டார்கள். பார்ப்பதற்கு முதல் கட்சிக்கு நேர் எதிர் மாதிரி தெரியும். அவர்களுக்கு ஆரம்பம் வேண்டாம், இவர்களுக்கு ஆரம்பம் மட்டும் வேண்டும். ஆனால், இரண்டு பேரும் ஒரே மரத்தைத்தான் வெட்டுகிறார்கள். அடி விழாது என்று உத்தரவாதம் கிடைத்த நிமிடத்தில் வேலி வேண்டாம், வேவு வேண்டாம், லூம் வேண்டாம். மிச்சமிருப்பது வெறும் மனக்கணக்கு. எத்தனையாவது ஆள் எங்கே போகவேண்டும் என்பதற்குச் சரியான விடை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மனப்பாடம் செய்தவன் ஜெயிப்பான். அதற்கு நம் பிள்ளைகள் ஸ்கூலிலேயே இருக்கலாமே.

நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொழுதுபோக்காக அப்படி ஆடுகிறார்கள் என்றால் ஆடிவிட்டுப் போகட்டும். அதை நான் தடுக்கமாட்டேன். அதுதான் நியாயமான ஆட்டம் என்று பிரசங்கம் செய்யும்போதுதான் எரிச்சல் வருகிறது.

அப்படியென்றால் ஆரம்பத்தில் எதையுமே மாற்றக்கூடாதா? பழசெல்லாம் பொன்னா? அப்படிச் சொல்லவில்லை. வேலை வேறு, முடிவு வேறு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

உதாரணம் சொல்கிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ல் வயலில் விளைச்சல் தீர்ந்ததும் அது கட்டாந்தரையாகிவிடும். ஒவ்வொரு வயலாகப் போய் மறுபடி விதைக்கச் சொல்லவேண்டும். முப்பது வயல் இருந்தால் முப்பது முறை. இதில் என்ன யோசனை இருக்கிறது? ஒன்றுமில்லை. வெறும் விரல் கூலி. 2000ல் வந்த கன்குவரர்ஸ் தொகுப்பில், முன்கூட்டியே காசு கட்டி வரிசையில் போட்டுவைக்க வசதி செய்தார்கள். 2019ல் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தபோது, ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் தானாகவே விதைத்துக்கொள்ளும் என்று ஆக்கினார்கள். கைதட்டுகிறேன். 60 மரம் செலவு அப்படியே இருக்கிறது. எத்தனை வயல் வேண்டும் என்று முடிவெடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. போனது கூலி வேலை மட்டும். ஸ்டார்கிராஃப்ட் 2ல் முகாமின் தலைக்குமேல் 16க்கு இத்தனை பேர் என்று எண்ணைக் காட்ட ஆரம்பித்தார்களே, அதுவும் இந்த ரகம்தான். எண்ணுவது குமாஸ்தா வேலை. கம்ப்யூட்டரே செய்யட்டும்.

12 தொழிலாளி அப்படியல்ல. அது கூலியைக் குறைக்கவில்லை, முடிவைத் தின்றுவிட்டது.

2005ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3 இதே மாதிரி இன்னொன்றைத் தின்றது. அதில் வில்லேஜர்கள் வெட்டிய மரத்தைச் சுமந்துகொண்டு எங்கேயும் போய் இறக்கத் தேவையில்லை. வெட்ட வெட்டக் கணக்கில் ஏறும். வசதிதான். ஆனால் மரக்கிடங்கை எங்கே கட்டுவது, காட்டின் ஓரத்திலா, ஊருக்குப் பக்கத்தில் பத்திரமாகவா என்ற தவிப்பு அதோடு போயிற்று. தூரமாகக் கட்டினால் வேகமாகச் சம்பாதிக்கலாம், எதிரிக் குதிரைப்படை வந்தால் மொத்தமாகச் சாகலாம். பத்திரமாகக் கட்டினால் நடந்தே தேயலாம். நடை என்பது வெறும் நடையில்லை, அதுதான் அந்த விளையாட்டில் பூகோளம். 2021ல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4 வந்தபோது மரக்கிடங்கும் சுரங்கக் கிடங்கும் சுமை இறக்குவதும் மறுபடி வந்துவிட்டன. யாருக்கோ உறைத்திருக்கிறது.

'ஆரம்பத்தில் தாராளமாகக் கொடு' கட்சிக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதே இல்லை. கொடுப்பதில் பல விதம் உண்டு. கன்குவரர்ஸில் மாயன் இனத்துக்கு ஆரம்பத்தில் ஒரு வில்லேஜர் கூடுதல். ஆனால் 50 உணவு குறைவு. ஒரு வில்லேஜரின் விலையே 50 உணவுதானே, அப்புறம் என்ன சலுகை? இருக்கிறது. மற்றவன் 25 விநாடி காத்திருந்து பெறுவதை நீங்கள் முதல் விநாடியிலேயே பெறுகிறீர்கள். கொடுக்கப்பட்டது ஆள் அல்ல, நேரம். சீனர்களுக்கு மூன்று வில்லேஜர் கூடுதல், ஆனால் 200 உணவும் 50 மரமும் குறைவு. 150 உணவு பெறுமான ஆள்களுக்கு 200 உணவும் மரமும் பிடித்துக்கொள்கிறார்கள். கந்துவட்டி! கையில் உணவு பூஜ்யம். முதல் ஆட்டை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து வெட்டுகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த ஆள். கெட்டிக்காரன் கையில் சீனர்கள் அசுரர்கள். புதியவன் கையில் திவால். கொடுத்த பரிசுக்குள்ளேயே ஒரு பரீட்சையை ஒளித்துவைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

நமக்கும் ஒன்று கிடைத்தது. 2022ல் டைனஸ்டீஸ் ஆஃப் இண்டியா என்ற தொகுப்பில் திராவிடர்கள் என்று ஓர் இனம் வந்தது. ராஜேந்திர சோழனை வைத்து ஒரு தொடர்கதையே அதில் ஆடலாம். நம் ஆள்களுக்கு என்ன சலுகை? ஒவ்வொரு யுகம் முன்னேறும்போதும் 200 மரம் போனஸ். ஒரு வில்லேஜர் தனியாக அத்தனை மரம் வெட்டவேண்டுமென்றால் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். சின்ன விஷயமில்லை. ஆனால், முதல் விநாடியில் கிடையாது. ஆடு வெட்டி, பன்றியை இழுத்துவந்து, 500 உணவு சேர்த்துக் கட்டி, அடுத்த யுகத்தின் படியில் கால் வைத்த பிறகுதான். சோழனாக இருந்தால் என்ன, முதலில் ஆடு மேய்த்துவிட்டு வா என்கிறார்கள். வயலாகப் போடுவதா, வில்வித்தைக் கூடமாகக் கட்டுவதா, மீன்பிடிப் படகு விடுவதா? மரம் உங்களுடையது. முடிவும் உங்களுடையது. தாராளம் என்றால் இது தாராளம்.

முதல் ஸ்டார்கிராஃப்ட்டை 2017ல் தூசு தட்டி ரீமாஸ்டர்ட் என்று மறுபடி வெளியிட்டது பிளிஸார்டு. படங்களையெல்லாம் பளபளப்பாக வரைந்தார்கள். ஒலியை மெருகேற்றினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் பார்ட் 2ல் 12 பேரைத் தூக்கிக் கொடுத்த அதே கம்பெனி. இங்கேயும் ஆரம்பத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாமே? கொரியர்கள் சும்மா விட்டிருப்பார்களா என்பது வேறு கேள்வி. தொடவில்லை. 4 தொழிலாளி, கையில் 50 மினரல், மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.